ஒன்றும் செய்யாத வரிசை

யட்டவத்த சந்தையில் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து நான் பொய் சொன்னேன். ஒரு தடவை சொல்லியிருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். முப்பது வருடங்களாக, அவரைக் கண்ட போதெல்லாம் சொன்னேன்.

முதல் தடவை நன்றாக ஞாபகம் இருக்கிறது. மழை விட்டிருந்த காலை. மிளகுத் தோட்டக்காரர் ஜுனைதீனை, அண்ணன் என்கிற முறையில், நானா என்றுதான் அழைப்பேன். ஜுனைதீன் நானா சாக்கின் வாயைத் திறந்து, உள்ளங்கையில் ஒரு பிடி மிளகை அள்ளி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். சப்பை மணிகள் பறந்தன. என்னைக் கண்டதும் மிச்சத்தைச் சாக்குக்குள் போட்டுவிட்டுக் கையைச் சாரத்தில் துடைத்தார்.

“சேர், நம்ம புத்தகம் வந்துட்டா?”

“இன்னும் இல்ல நானா.”

அது வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. என் தோல்பைக்குள்ளேயே ஒரு பிரதி இருந்தது. நான் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

ஒரு வரி கூடிப்போனது

இந்தத் தொடரின் சென்ற வார அத்தியாயத்தில் என் ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே எழுதிவிட்டேன். படித்துவிட்டு மாத்தளையில் தெரிந்தவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: “அதையெல்லாம் எங்க வாசிக்கலாம் சேர்?” அவர் கேட்டது சாதாரணமாகத்தான். அதற்குரிய பதிலைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

நான் தாவர நோய் படித்தவன். பல்கலைக்கழகத்தில் கற்பித்தவன். அந்தக் காலத்தில் மாத்தளைப் பக்கம் மிளகுக் கொடிகளின் அடி அழுகி, ஒரு மழைக்காலத்துக்குள் தோட்டம் தோட்டமாக வாடிப்போயின. யட்டவத்தவில் ஜுனைதீன் நானாவின் தோட்டத்தில் இரண்டு வரிசைக் கொடிகளைக் கேட்டு வாங்கினேன். மூன்று வருட ஆய்வு. ஒரு வரிசைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து ஊற்றுவது. மற்ற வரிசைக்கு ஒன்றுமே செய்யாமல் விட்டு வைப்பது. இரண்டையும் ஒப்பிட்டால் மருந்தின் பலன் தெரியும். இன்றைக்கு ஒரு மாணவன் இரண்டே வரிசையை வைத்துக்கொண்டு வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன். அன்றைக்கு நான் இளைஞன்; என் கணக்கில் மேதை.

நானா கூலி கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“வெளிநாட்டுப் புத்தகத்துல எம் பேரும் வருமா சேர்?”

“கட்டாயம் வரும் நானா.”

எட்டுப் பக்கக் கட்டுரையைத்தான் அவர் புத்தகம் என்பார். நானும் திருத்தவில்லை.

எழுதி அனுப்பினேன். சஞ்சிகைக்காரர்கள் ஏற்றுக்கொண்டு ஒரு குறிப்பு எழுதினார்கள்: எட்டுப் பக்கத்துக்கு மேல் ஒரு வரி வழிகிறது, தயவுசெய்து குறைக்கவும். கடைசியில் நன்றி என்ற தலைப்பின் கீழ் மூன்று வரிகள் இருந்தன. பீடாதிபதிக்கு ஒன்று. அவரை வெட்ட முடியாது, என் பதவி உயர்வு அவர் மேசையில் கிடந்தது. ஆலோசனை சொன்ன வெளிநாட்டுப் பேராசிரியருக்கு ஒன்று. அவரையும் வெட்ட முடியாது, அவர் அந்தச் சஞ்சிகையைப் படிப்பவர். ஜுனைதீன் நானா படிக்கப்போவதில்லை.

அவரை வெட்டினேன்.

ஆய்வு நடந்த இடத்தை, ‘மத்திய மலைநாட்டுத் தோட்டமொன்று’ என்று குறிப்பிட்டிருந்தேன். மூன்று வருடம் எனக்குத் தேநீர் தந்த மனிதர் அச்சில் ஒரு தோட்டமாக மட்டும் மிஞ்சினார்.

செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போன பிரதி

இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாத ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் கட்டுரை வெளியானால், அந்தப் பக்கங்களை மட்டும் தனியாக அச்சிட்டு, வழவழப்பான அட்டை போட்டு, எழுதியவருக்கு இருபத்தைந்து பிரதிகள் அனுப்புவார்கள். சஞ்சிகை வாங்க வசதியில்லாத ஆய்வாளர்கள் உலகத்தின் மூலைகளிலிருந்து தபால் அட்டை எழுதி, ஒரு பிரதி அனுப்ப முடியுமா என்று கேட்பார்கள்.

எனக்குப் பிரேசிலிலிருந்து அட்டை வந்தது. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தது. என் மனைவி தபால்தலைகளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தெடுத்தாள். நான் ஒவ்வொருவருக்கும் கையெழுத்திட்டு அனுப்பினேன். பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய யட்டவத்தவுக்கு மட்டும் ஒரு பிரதியும் போகவில்லை. மிச்சமிருந்தவற்றை அலுமாரிக்குள் வைத்திருந்தேன். அவற்றைக் கறையான் எழுத்தெழுத்தாகப் படித்து முடித்தது. என் கட்டுரையை முழுமையாக உள்வாங்கிய வாசகர் அதுவாகத்தான் இருக்கும்.

நானாவின் கேள்வி நிற்கவில்லை. நானும் காரணங்களை மாற்றிக்கொண்டே இருந்தேன். வெளிநாட்டில் மெதுவாகத்தான் அடிப்பார்கள். பார்க்கிற ஆளுக்குச் சுகமில்லை. கப்பல் தாமதம். நானா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார். “நல்ல வேலைக்கி நாளெடுக்கும்தான் சேர்” என்று எனக்கே ஆறுதல் சொல்வார்.

சந்தை முனையில் தேநீர்க் கடை வைத்திருந்தவர் பாரூக். ஜுனைதீன் நானாவின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. அவர் ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை.

“ஜுனைதீன்ட புத்தகம் கியாமத் நாளையில வரும்டா! மலக்குமாரு கையில குடுப்பாங்க!” என்று கேத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொல்வார். உலகம் முடியும் நாளில் வானவர்கள் கொண்டுவந்து தருவார்களாம். கடையே சிரிக்கும். ஒருநாள் அந்தச் சிரிப்புக்குள் நானும் உட்கார்ந்திருந்தேன். என் தேநீரில் சீனி கரைகிறதா என்று மிகுந்த கவனத்துடன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வஹகோட்டையில் கேட்ட கேள்வி

ஓய்வு பெற்ற பிறகுதான் மனச்சாட்சிக்கு நேரம் கிடைத்தது. ஒரு வருடம் வஹகோட்டைத் தேவாலயத் திருவிழாவுக்குப் போனபோது, பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். பங்குத் தந்தை பொறுமையாகக் கேட்டார்.

“அந்த மனுஷன்கிட்ட இத சொன்னீங்களா?”

“இல்ல பாதர்.”

“யட்டவத்தவுக்கு பஸ் இருக்குதானே?”

இருந்தது. ஆனாலும் வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. கட்டுரையைத் தமிழில், சந்தையில் பேசுகிற அளவு தெளிவாக எழுதிக் கொண்டுபோய் அவர் முன்னால் வாசிப்பது என்று முடிவு செய்தேன். அறிவியலை மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று நான் எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறேன்! எல்லாம் ஆங்கிலத்தில், குளிரூட்டிய மண்டபங்களில், பேராசிரியர்களுக்கு.

தமிழாக்குவதற்குக் கட்டுரை வேண்டும். என்னிடம் இருந்தது கறையான் மண். கணினியில் தேடினேன். கட்டுரை இருந்தது, பூட்டியும் இருந்தது. ஓய்வு பெற்ற அன்றோடு பல்கலைக்கழகக் கடவுச்சொல்லும் ஓய்வு பெற்றிருந்தது. நான் எழுதியதைப் படிக்க நானே பணம் கட்டச் சொன்னது திரை. அச்சுரிமையை எழுதிக்கொடுத்த கையெழுத்தும் என்னுடையதுதான். அப்போது பெருமையாகப் போட்டேன், அடியில் ஒரு கோடும் இழுத்து.

கடைசியில் வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி மின்னஞ்சலில் அனுப்பினாள். “யாருக்கும் சொல்லாதீங்க சேர்” என்று எழுதியிருந்தாள். என் கட்டுரை என்னிடமே கள்ளக்கடத்தல் சாமானைப் போல வந்து சேர்ந்தது.

‘திறந்த அணுகல்’ என்று இப்போது ஒரு இயக்கம் இருக்கிறது. ஆய்வு முடிவுகளை யாரும் காசில்லாமல் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்பது அதன் கோரிக்கை. ஏழை நாடுகளுக்குச் செய்யும் தருமமாகவே நான் அதை நினைத்திருந்தேன். படிக்கிறவர்கள் பயனடைவார்கள், நமக்குப் புண்ணியம். என் நினைப்பு எவ்வளவு பிழை என்பதை அடுத்த வாரமே தெரிந்துகொண்டேன்.

வாசித்த பகல்

நான் அவர் வீட்டுக்குப் போனபோது, நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து நானா வந்திருந்தார். எழுபது தாண்டிவிட்டது. தாடி முழுக்க வெள்ளை. அவர் மனைவி சுபைதா ராத்தா பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டியும் வைத்துவிட்டு உள்ளே போனார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. புத்தகம் எப்போதோ வந்துவிட்டது என்றேன். அதில் அவர் பெயர் இல்லை, வெட்டியவன் நான்தான் என்றேன். இத்தனை வருடமும் சொன்னது பொய் என்றேன்.

நானா கருப்பட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே மிளகுக் கொடி படர்ந்த கிளிசிரியா மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப பாரூக் சொன்னது சரிதான்” என்றார்.

“என்ன சொன்னாரு?”

“சேர் ஒன்ன ஏமாத்துறாருன்னு சொன்னான். அதுக்கு நான் அவனோட சண்ட புடிச்சேன். அவன்ட கடையில டீ குடிக்கிறதயே வுட்டேன். எட்டு வருசம். ஒங்களுக்காக.”

அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது.

என் கையிலிருந்த தாள்களைக் காட்டி, “சரி, என்னதான் எழுதினீங்கன்னு வாசிங்க, பாப்போம்” என்றார்.

வாசித்தேன். மருந்து ஊற்றிய வரிசை பிழைத்த கதையைத் தலையாட்டிக் கேட்டார். பிறகு அந்த இடம் வந்தது: “இரண்டாவது வரிசைக்கு மருந்தோ வேறு எந்தப் பராமரிப்போ கொடுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கொடிகளும் அதே அளவு செழித்திருந்தன. ஆகவே இந்த மண்ணில் நோய் தானாகத் தணிந்துவிடும், மருந்து தேவையில்லை.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. சுபைதா ராத்தா திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்.

“என்னத்துக்கு சிரிக்கிற? உள்ளுக்குப் போ” என்றார் நானா.

“சேர் அவரோட பொய்ய சொல்லிட்டாரு. நீங்களும் ஒங்கட பொய்ய சொல்லிருங்களே.”

“அது பொய்யில்ல. யாரும் கேக்கல்ல, நான் சொல்லல்ல.”

“எது நானா?” என்றேன்.

நானா கருப்பட்டியை வாயில் போட்டுக் கரையும் வரை பொறுத்தார்.

“அந்த ரெண்டாவது வரிசைக்கி நீங்க ஒண்ணும் செய்யல்ல சேர். நான் செஞ்சேன்.”

பலகை நட்ட இடம்

சொன்னார். ஆய்வு தொடங்கிய நாளில், என் பெயரும் பட்டமும் எழுதிய பலகை ஒன்றைத் தோட்டத்தில் நட்டேன். நட்ட இடம், ஒன்றும் செய்யாத வரிசையின் தலைமாடு. மண் இளகலாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. நானா அதைப் பார்த்து, அது என்னுடைய வரிசை என்று விளங்கிக்கொண்டார். மருந்து ஊற்றுகிற வரிசை அவருடையது, பேர் போட்டது சேருடையது.

“எனக்கு மருந்து ஊத்தித் தந்துட்டு, ஒங்கட வரிசைய சும்மா வுட்டுட்டுப் போறீங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. மழ தொடங்குது, அடியில தண்ணி நிக்கிது. ஒங்கட கொடி மவுத்தாகி, எங்கட கொடி மட்டும் நின்னா ஊரு என்னா சொல்லும்? வீட்டுக்கு வந்த மனுசனுக்கு செய்ற வேலையா அது?”

அதனால் அந்த வரிசை நெடுக அடியோரமாகத் தண்ணீர் வடியும் கான் வெட்டி, கல் அடுக்கி, தண்ணீர் ஓடையில் போய் விழ வழி செய்திருக்கிறார். ஆய்வுக்கு இடைஞ்சல் என்று நான் கோபிப்பேனோ என்று மேலே மண்ணும் சருகும் போட்டு மூடியும் இருக்கிறார். நான் மாதம் ஒருமுறை சப்பாத்துக் காலோடு போய் இலைகளை எண்ணிவிட்டு வருபவன். குனிந்து சருகை விலக்கியதில்லை.

ஆக, நோய் தானாகத் தணியவில்லை. தேங்கிய தண்ணீரை வெளியேற்றியதால் கொடிகள் பிழைத்தன. உண்மையான மருந்தை ஒரு மனிதர் என் காலடியில் புதைத்து வைத்திருந்தார். அதற்கு மேல் நின்றுகொண்டு நான், மருந்து தேவையில்லை என்று உலகத்துக்கு எழுதினேன். அந்த எட்டுப் பக்கத்தையும் உலகத்தில் திருத்தக்கூடிய ஒரே ஆளிடம், புத்தகம் இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“வுடுங்க சேர், யாருக்குத் தெரியும்?” என்றார் நானா.

அதுதான் பயமாக இருந்தது. யாருக்கும் தெரியாது. ஆனால் என் கட்டுரையை வைத்து விவசாயப் போதனாசிரியர்கள் ஊர் ஊராக, ‘விட்டுவிடுங்கள், தானாகத் தேறும்’ என்று சொல்லியிருந்தார்கள். நாவுலவில் ஒரு தோட்டத்துக்காரர் அப்படி விட்டார். முழுத் தோட்டமும் போனது. அவர் என்னிடம் வந்து கேட்டபோது, “உங்க மண் வேற” என்று சொல்லி அனுப்பினேன். அவர் மண்ணை நான் பார்த்ததே இல்லை.

தோண்டிப் பார்த்தது

சஞ்சிகைக்கு எழுதினேன். கட்டுரை பிழை, திரும்பப் பெறுகிறேன், காரணம் இது. என்னைப் பேராசிரியராக்கிய கட்டுரை அதுதான். அனுப்பும் பொத்தானை அழுத்த எனக்கு மூன்று நாள் பிடித்தது. முதலில் ஒரு இயந்திரம் பதில் எழுதியது: தங்கள் புதிய கண்டுபிடிப்புக்கு நன்றி. பிறகு ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு மனிதர் எழுதினார்: ஆதாரம் உண்டா?

ஆதாரத்துக்காக யட்டவத்தவுக்குப் போய் மண்வெட்டி பிடித்தோம். இரண்டு கிழவர்கள், முறைக்கு ஐந்து வெட்டு, பிறகு மூச்சு வாங்குதல்.

“இந்த வேகத்துல வெட்டினா கியாமத் நாளையிலதான் முடியும்” என்றேன்.

“அத பாரூக் சொல்லட்டும். நீங்க வெட்டுங்க” என்றார் நானா.

முழங்கை ஆழத்தில் கல் தட்டியது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அடுக்குக் குலையவில்லை. இடுக்கில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தேன். சுபைதா ராத்தா கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சில மாதங்களில் அறிவித்தல் வெளியானது. அரைப் பக்கம். ஆய்வுக்கு வெளியே வடிகான் அமைத்தவர் இன்னார் என்று ஜுனைதீன் நானாவின் முழுப்பெயரும் அதில் இருந்தது. ஒரு வரியும் வெட்டக் கூடாது என்று நான் நிபந்தனை போட்டிருந்தேன். இதில் ஒரு வேடிக்கை. பிழையான கட்டுரையைப் படிக்க இன்றும் பணம் கட்ட வேண்டும். அது பிழை என்கிற அறிவித்தலை யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

அச்செடுத்து, அடியில் தமிழிலும் எழுதிக் கொடுத்தேன். நானா அதை லெமினேட் செய்துகொண்டு நேரே பாரூக்கின் கடைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். பாரூக் கண்ணாடியைத் தேடிப் போட்டு, விரலை வைத்து எழுத்துக்கூட்டினார்.

“டேய் ஜுனைதீன், நீ ஆராய்ச்சிய கெடுத்துட்டன்னு போட்டிரிக்கிடா!”

“பேரு போட்டிரிக்கா இல்லயா?”

“போட்டிரிக்கி.”

“அப்ப ரெண்டு டீ ஊத்து. சேருக்கு சீனி கொறச்சி.”

விடுபட்ட ஆள்

கதை அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த தடவை போனபோது சுபைதா ராத்தா கேட்டார்: “எல்லாம் சரி சேர். அந்தக் கல்லெல்லாம் ஓடையிலேரிந்து தூக்கினது யாரு? எப்புடி அடுக்கணும்ன்னு சொன்னது யாரு? எங்க வாப்பா வீட்டுத் தோட்டத்துல கான் போட்ட முற அது. இவருக்கு மண்வெட்டி புடிக்க மட்டும்தான் தெரியும்.”

நானா வானத்தைப் பார்த்தார்.

சஞ்சிகைக்கு மறுபடியும் எழுதினேன். திருத்தத்துக்குத் திருத்தம் போடுவது தங்கள் வழக்கமல்ல என்று பதில் வந்தது. சரி என்று நானே உட்கார்ந்து, நடந்த பிழையையும் கான் வெட்டும் முறையையும் தமிழில் நான்கு பக்கம் எழுதினேன். பூட்டு இல்லாமல், யாரும் எடுக்கக்கூடியதாக இணையத்தில் போடுவது என்று முடிவு. மூன்று பேரின் பெயரும், முதலில் ராத்தாவுடையது. போடுவதற்கு முன் ஒரு பிரதியை நாவுலத் தோட்டத்துக்காரருக்கு அனுப்பி, மன்னிப்பும் கேட்டு, அடியில் நானாவின் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருந்தேன்.

போன வாரம் நான் நானாவின் வீட்டில் இருக்கும்போதே நாவுலக்காரர் போனில் பேசினார். மன்னிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை ஏற்றுக்கொண்டாரா என்று எனக்கு இன்னமும் தெரியாது. புதுக் கொடி நட்டிருக்கிறாராம். கான் வெட்டியும் தண்ணீர் நிற்கிறதாம். கல் அடுக்கிய ராத்தாவிடம் கேட்க வேண்டுமாம்.

ராத்தா போனை வாங்கினார். எந்தக் கல் போட்டீர்கள் என்று கேட்டார். உருண்டைக் கல்லா? அதுதான். தட்டைக் கல்லை விளிம்பில் நிறுத்தி வைக்க வேண்டும், அகலப் பக்கம் கொடியைப் பார்த்தபடி. படுக்கப் போட்டால் சேறு அடைத்துவிடும். இதெல்லாம் என் நான்கு பக்கத்தில் இல்லை. நான் அவசரமாகப் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினேன்.

அவர் போனைக் கணவரிடம் நீட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எழுதினத வாசிங்க சேர்.”

வாசித்தேன்.

“மூணாவது வரி பிழ” என்றார்.

வெட்டிவிட்டு, அவர் சொல்லச் சொல்லத் திருப்பி எழுதினேன்.